பனி கொட்டுது... ஆள் இல்லை! ஜப்பானின் குட்டி பனிச்சறுக்கு ஊர்களைத் தேடி உலகம் ஓடுவது ஏன்?

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் முழங்கால் அளவுக்குப் புதுப் பனி. லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் வரிசையில் பத்து பேர்கூட இல்லை. மேலே போய் இறங்கினால் யாருடைய தடமும் படாத வெள்ளை மலைச்சரிவு. பசித்தால் அடிவாரக் கேன்டீனில் சுடச்சுட ஜப்பானியக் கறி சோறு. சாயங்காலம் வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல்.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், பெரிய ரிசார்ட்டுகளை விட்டுத் தள்ளியிருக்கும் சின்ன ஊர்களில் இன்றும் கிடைக்கிற அனுபவம் இது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாட்டுப் பனிச்சறுக்குப் பிரியர்கள் இப்போது தேடி அலைவது இதைத்தான். 'கூட்டமே இல்லாத ரகசிய இடம்' என்ற தலைப்போடு வரும் வீடியோக்களுக்கும் குறைவில்லை.

கேட்கச் சொர்க்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. உலகிலேயே நல்ல பனி கொட்டுகிற இடத்தில் கூட்டம் இல்லை என்றால், ஏன் இல்லை? அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

பதில் வானிலையில் பாதி, மக்கள்தொகைக் கணக்கில் மீதி. இரண்டையும் பார்க்கலாம்.

முதலில், பவுடர் ஸ்னோ என்றால் என்ன?

எல்லாப் பனியும் ஒரே மாதிரி இருக்காது. ஈரம் அதிகமான பனி கனமாக இருக்கும், கையில் பிடித்தால் உருண்டையாகும். பவுடர் ஸ்னோ அப்படி இல்லை. உள்ளங்கையில் எடுத்து ஊதினால் மாவு மாதிரி பறந்துவிடும். உருண்டை பிடிக்கவும் வராது.

காரணம் பனித்துகளின் வடிவம். சுமார் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் குளிரில், போதுமான ஈரத்தோடு உருவாகும் துகள்கள் கிளை கிளையாக விரிந்த நட்சத்திரம் போல வளரும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது நடுவில் நிறையக் காற்று சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பார்க்க ஆழமாகவும் எடை லேசாகவும் இருக்கிறது. பொதுவாக 1 செ.மீ. மழைக்குச் சமமான நீர் சுமார் 10 செ.மீ. பனியாக விழும் என்பது தோராயக் கணக்கு. ஹொக்கைடோவின் உள்பகுதியில் அதே நீர் 15, 20 செ.மீ. உயரத்துக்குக்கூட நிற்கும்.

வெப்பநிலையும் ஈரப்பதமும்தான் பனித்துகளின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஆய்வகத்தில் காட்டியவரே ஒரு ஹொக்கைடோ விஞ்ஞானிதான். ஹொக்கைடோ பல்கலைக்கழக இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936-ல் உலகிலேயே முதல் முறையாகச் செயற்கைப் பனித்துகளை உருவாக்கினார்.

ஜப்பானில் மட்டும் ஏன் இவ்வளவு பனி?

நிசெகோ அன்னுபுரி என்ற புகழ்பெற்ற பனிச்சறுக்கு மலையின் உயரம் 1,308 மீட்டர்தான். நம்ம ஊட்டி நகரமே அதைவிட சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்குக் காரணம் மலையின் உயரம் மட்டும் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

சைபீரியா குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் வறண்ட, கடுங்குளிர்க் காற்று தென்கிழக்கே ஜப்பானை நோக்கி வீசும். நடுவில் இருப்பது ஜப்பான் கடல். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் அந்தக் கடல் பெரும்பாலும் உறைவதில்லை. மைனஸில் இருக்கும் காற்று அந்த வெதுவெதுப்பான நீரின்மேல் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு மேகமாகிறது. எதிரே ஜப்பானின் மலைகள் மறிக்கின்றன. மேலே ஏறிக் குளிரும் மேகம் அங்கேயே பனியைக் கொட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஆசியக் கண்டம் குளிர்ந்து, காற்று கடலை நோக்கித் திரும்பி, போகிற வழியில் வங்கக்கடல் ஈரத்தை அள்ளி வந்து கொட்டுவதுதான் நம்ம வடகிழக்குப் பருவமழை. சென்னையில் அது மழை, ஹொக்கைடோவில் அது பனி.

கடலோர மலைகளில் முதலில் அதிகமாகக் கொட்டும். நிசெகோவில் ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி என்று சொல்வது இதனால்தான். அதைத் தாண்டித் தீவின் நடுப்பகுதிக்கு வரும்போது மேகத்தில் ஈரம் குறைந்திருக்கும், குளிர் கூடியிருக்கும். அங்கே விழும் பனியின் அளவு குறைவாக இருந்தாலும் இன்னும் லேசானது. நடுப்பகுதியில் உள்ள அசாஹிகாவா நகரில்தான் 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவானது. ஜப்பானின் அதிகாரபூர்வ வானிலைப் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்த வெப்பநிலை.

ஆக, பனி இயற்கை கொடுத்த கொடை. அதைத் தேடி வருகிற கூட்டம் எப்படி உருவானது?

நிசெகோவில் நடந்தது என்ன?

2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பயணிகள் நிசெகோவைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு அது கோடை விடுமுறை, ஜப்பானில் உச்சக் குளிர்காலம். பின்னாடியே முதலீடும் வந்தது. இன்று அந்த ஒரே மலையைச் சுற்றியிருக்கும் மையங்களில் ஒன்று ஹாங்காங் குழுமத்தின் கையிலும், இன்னொன்று மலேசியாவின் ஒய்டிஎல் குழுமத்தின் கையிலும் இருக்கின்றன.

அடுத்து வந்தது யென் சரிவு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 103 யென். 2024 ஜூலையில் அது 161 யென் வரை போனது. 1986-க்குப் பிறகு யென் அவ்வளவு பலவீனமானதே இல்லை. டாலரில் சம்பாதிப்பவருக்கு ஜப்பான் திடீரென்று மலிவாகிவிட்டது. 2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை சுமார் 3 கோடியே 68 லட்சம். 2025-ல் அது 4 கோடியைத் தாண்டியது.

நிசெகோவில் இன்று முழு மலைக்கும் செல்லும் ஒரு நாள் லிஃப்ட் பாஸ் 10,000 யென்னைத் தாண்டுகிறது. நம்ம கணக்கில் சுமார் 6,000 ரூபாய். ஒரு கிண்ணம் ராமென் 2,000 யென்னுக்கு மேல் விற்கிறது என்பது ஜப்பானிய ஊடகங்களில் பலமுறை வந்த செய்தி. நிசெகோவின் பெரும்பகுதி அமைந்திருக்கும் குச்சான் ஊரில், சில ஆண்டுகள் தொடர்ந்து, நாட்டிலேயே மிக வேகமாக நில விலை ஏறியது.

வெளிநாட்டுப் பயணிக்கு இது விலையுயர்ந்த விடுமுறை, அவ்வளவுதான். உள்ளூர்க்காரருக்கு இது அன்றாட வாழ்க்கைப் பிரச்சினை. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கே நல்ல கூலி கிடைக்கும்போது, முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பருவ வேலைக்கு வருபவர்கள் வீடுகளை எடுத்துக்கொள்வதால் உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதும் கஷ்டம்.

இதில் ஒரு பகுதியை ஈடுகட்டத்தான் குச்சான் ஊர் 2019 நவம்பரில் தங்கும் கட்டணத்தில் 2 சதவீதம் வரி போட்டது. தொகைக்கு ஏற்ப சதவீதத்தில் விதிக்கப்பட்ட தங்கும் வரி ஜப்பானில் அதுவே முதல் முறை.

இந்த நெரிசலும் விலையும் பிடிக்காதவர்கள்தான் இப்போது சின்ன ஊர்களைத் தேடுகிறார்கள். அங்கே டிக்கெட் விலை பல இடங்களில் நிசெகோவில் பாதி, அல்லது அதற்கும் கீழே.

சரி, அந்தச் சின்ன ஊர்களில் கூட்டம் இல்லாதது ஏன்?

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஜப்பானே பனிச்சறுக்குப் பித்துப் பிடித்து அலைந்தது.

ஜப்பானுக்கு ஸ்கீயிங் கற்றுக்கொடுத்தவர் தியோடர் வான் லெர்க் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. 1911 ஜனவரியில், இன்றைய நீகாட்டா மாகாணத்தில் உள்ள தகாடாவில், ஜப்பானிய வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1972-ல் ஹொக்கைடோவின் சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் அது.

உச்சம் தொட்டது 1980-களின் இறுதியில். பொருளாதாரம் பொங்கி வழிந்த காலம். 1987-ல் 'என்னை ஸ்கீயிங் கூட்டிப் போ' என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு காதல் படம் வந்து பட்டையைக் கிளப்பியது. அதே ஆண்டு ரிசார்ட்டுகள் கட்ட வரிச்சலுகையும் சலுகைக் கடனும் தரும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. மலை இருக்கிற ஊரெல்லாம் லிஃப்ட் போட்டது. 1990-களில் ஸ்கீ, ஸ்னோபோர்டு இரண்டும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் மலை ஏறினார்கள்.

இன்று அந்த எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் 700-ஐத் தாண்டியிருந்த பனிச்சறுக்கு மையங்கள் இப்போது 500-க்கும் கீழே. நீகாட்டாவின் யுசாவாவில் அந்தக் காலத்தில் பெரும் விலைக்கு வாங்கிய ரிசார்ட் அபார்ட்மென்ட்டுகள் பின்னாளில் 1 லட்சம் யென்னுக்குக்கூட, அதாவது சுமார் 60,000 ரூபாய்க்கு, விற்பனைக்கு வந்தன.

பொருளாதாரக் குமிழி உடைந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சறுக்க இளைஞர்களே இல்லை. 2024-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 6 லட்சத்து 86 ஆயிரம். கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து 7 லட்சத்துக்குக் கீழே போனது அதுவே முதல் முறை.

சின்ன ஊர்களில் இதன் தாக்கம் நேரடியாகத் தெரியும். ஹொக்கைடோவின் பல பகுதிகளில் ஸ்கீயிங் பள்ளி உடற்கல்வி வகுப்பின் ஒரு பாகம். ஊருக்குச் சொந்தமான குட்டி மலையும் அங்கே ஓடும் ஓரிரு லிஃப்டும் முதலில் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்படும், வகுப்புகள் குறையும், லிஃப்ட்டில் ஏற ஆள் இருக்காது.

செலவு மட்டும் குறையாது. மின்சாரக் கட்டணம், பனியைச் சமன்செய்யும் வண்டி, லிஃப்ட் கம்பியின் பராமரிப்பு, ரோந்துப் பணியாளர் சம்பளம் எல்லாம் நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஒன்றுதான். பல லிஃப்டுகள் அந்தப் பொற்காலத்தில் போட்டவை. மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது. புதுசு போட ஊரிடம் காசில்லை.

பயணி ரசிக்கும் 'அமைதி'யின் பின்கதை இதுதான். கூட்டமில்லாத மலை என்பது பெரும்பாலும் ஆள் குறைந்துகொண்டே வருகிற ஊரின் மலை.

யூபாரி: ஒரே பந்தயத்தில் எல்லாவற்றையும் வைத்த ஊர்

சுற்றுலாவை வைத்தே ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்து, கையைச் சுட்டுக்கொண்ட ஊர் ஒன்று ஹொக்கைடோவிலேயே இருக்கிறது. அது யூபாரி.

நிலக்கரிச் சுரங்க நகரம். 1960 வாக்கில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, 1990-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. நிலக்கரி போனால் என்ன, சுற்றுலா இருக்கிறதே என்று நகர நிர்வாகம் அருங்காட்சியகம், பொழுதுபோக்குப் பூங்கா எனக் கடன் வாங்கிக் கட்டியது. தனியார் கைவிட்ட மவுன்ட் ரேசி ஸ்கீ மையத்தையும் வாங்கிப் போட்டது.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2007-ல் யூபாரி திவாலான நகரமாக அறிவிக்கப்பட்டது. கட்ட வேண்டிய கடன் சுமார் 3,500 கோடி யென். அதன் பிறகு நகரத்தில் தொடக்கப் பள்ளி ஒன்று, நடுநிலைப் பள்ளி ஒன்று என்றானது. 171 படுக்கைகள் இருந்த நகர மருத்துவமனை 19 படுக்கை கொண்ட சிறு மருத்துவமனையாகச் சுருங்கியது. மக்கள்தொகை 7,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

ஸ்கீ மையம் தனியாருக்கு விற்கப்பட்டு, வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கை மாறியது. கொரோனா வந்தது. 2020 டிசம்பரில் அதை நடத்திவந்த நிறுவனம் திவாலாக, அந்தக் குளிர்காலத்தில் லிஃப்ட் நின்றுபோனது. பனி என்னவோ வழக்கம்போலக் கொட்டியது.

ஹிகாஷிகாவா: அவசரப்படாத ஊர்

இதற்கு நேர் எதிர்க் கதை, அசாஹிகாவா நகரை ஒட்டியிருக்கும் ஹிகாஷிகாவா.

ஹொக்கைடோவின் உயரமான மலையான 2,291 மீட்டர் அசாஹிடாகே இந்த ஊர் எல்லையில்தான் இருக்கிறது. 1934-ல் அறிவிக்கப்பட்ட டைசெட்சுசான் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அது. அங்கே பெரிய ரிசார்ட் கிடையாது. இருப்பது ஒரே ஒரு ரோப்வே. 101 பேர் ஏறும் பெட்டி, 1,600 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். எரிமலை வாயிலிருந்து கந்தகப் புகை மேலெழும் பக்கத்திலேயே பனியில் சறுக்கி இறங்கலாம். காற்று பலமாக அடித்தால் ரோப்வே நின்றுவிடும். அன்றைக்கு வெந்நீர் ஊற்றே கதி.

பவுடர் பிரியர்களிடம் இந்த மலைக்குப் பெரிய பெயர் உண்டு. ஆனால் ஹிகாஷிகாவா தன் எதிர்காலத்தை அந்த மலையின் தலையில் மட்டும் கட்டவில்லை.

1985-ல் தன்னை 'புகைப்பட ஊர்' என்று அறிவித்துக்கொண்டது. 1994 முதல் நாடு முழுவதுமுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான புகைப்படப் போட்டியை நடத்துகிறது. 2015-ல், நாட்டிலேயே முதல் முறையாக, அரசே நடத்தும் ஜப்பானிய மொழிப் பள்ளியைத் திறந்து வெளிநாட்டு மாணவர்களை வரவழைத்தது. ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ளூர்த் தச்சுக் கலைஞர்கள் செய்த ஒரு நாற்காலியைப் பரிசாகத் தருகிறது. இந்த ஊரில் குழாய்த் தண்ணீர் வசதியே கிடையாது. மலையில் உருகி மண்ணுக்குள் இறங்கும் பனிநீர்தான் நிலத்தடி நீராக வீட்டுக்கு வீடு கிடைக்கிறது.

ஊர்ப் பிள்ளைகள் சறுக்கப் பழகுவதற்கென்று கான்மோர் என்ற குட்டி ஸ்கீ மையமும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் சகோதர நகரத்தின் பெயர் அது.

பலன்? 1990-களின் தொடக்கத்தில் சுமார் 7,000 ஆகக் குறைந்திருந்த மக்கள்தொகை இன்று 8,000-ஐத் தாண்டியிருக்கிறது. கிராமப்புற ஹொக்கைடோவில் இது அபூர்வம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஊரைப் பிழைக்கவைத்தது பனிச்சறுக்குச் சுற்றுலா இல்லை. ஊர் பிழைத்ததால்தான் அந்தச் சின்ன மலையில் லிஃப்ட் ஓடுகிறது. யூபாரி இதைத் தலைகீழாக முயன்று பார்த்தது.

வெளிநாட்டவர் வந்தால் மற்ற ஊர்களும் பிழைக்குமா?

ஓரளவுக்கு உதவும். ஆனால் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, வெளிநாட்டுக் கூட்டம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொரோனாவால் மூடிய எல்லையைத் தனிப்பட்ட பயணிகளுக்கு ஜப்பான் முழுமையாகத் திறந்தது 2022 அக்டோபரில்தான். இரண்டு குளிர்காலங்கள் வீணாகின. 2025 நவம்பரில் தைவான் விவகாரத்தில் ஜப்பானோடு உரசல் ஏற்பட்டதும், ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீனா தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. சீனப் பயணிகள் வருகை சட்டென்று சரிந்தது.

இரண்டாவது, பவுடர் பனி ஒருமுறை மட்டுமே பயன்படுகிற பொருள். ஒருவர் சறுக்கிப் போனால் அந்த இடம் தடமாகிவிடும், அடுத்த பனி விழும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய மலையில் ஆயிரம் பேர் வந்தாலும் பரவிவிடுவார்கள். ஒரே லிஃப்ட் இருக்கும் மலையில் 200 பேர் வந்தாலே மதியத்துக்குள் எல்லாம் தடம். அமைதியைத் தேடி வந்த கூட்டமே அமைதியைத் தின்றுவிடும்.

மூன்றாவது, பணம் எங்கே போகிறது என்பது. பக்கத்து நகர ஹோட்டலில் தங்கி, காரில் வந்து, ஒன்றிரண்டு முறை மட்டும் லிஃப்ட்டில் ஏறி, எல்லைக் கயிற்றைத் தாண்டிக் காட்டுக்குள் சறுக்கிவிட்டுத் திரும்பிப் போகிற பயணியால் ஊருக்குக் கிடைப்பது சொற்பம். அவர் காட்டில் தொலைந்துபோனால் தேடிப் போக வேண்டியது மட்டும் ஊர்க்காரர்கள்.

அரசுகளும் வரியைக் கையில் எடுக்கின்றன. தங்கும் இடத்தின் விலையைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு இரவுக்கு 100 முதல் 500 யென் வரை வசூலிக்கும் வரியை 2026 ஏப்ரல் முதல் ஹொக்கைடோ முழுவதும் அமல்படுத்த மாகாண நிர்வாகம் முடிவு செய்தது. ஆனால் வரியால் வருவது பணம் மட்டும்தான். லிஃப்ட் ஓட்ட ஆளும், வகுப்பில் பிள்ளைகளும் வரியால் வந்துவிட மாட்டார்கள்.

பனியே குறைந்துபோனால்?

2019-20 குளிர்காலம் அதுவரையிலான பதிவுகளிலேயே ஜப்பானின் மிக வெப்பமான குளிர்காலம். பனி போதாமல் பல மையங்கள் திறக்கவே தாமதமானது. உயரம் குறைந்த குட்டி மலைகளுக்கு முதல் அடி விழும். செயற்கைப் பனி இயந்திரம் வாங்கும் வசதி அவற்றுக்குக் கிடையாது.

இன்னொரு பக்கம், கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தை அள்ளும். மொத்தப் பனி குறைந்தாலும், குளிர் மிகுந்த உள்பகுதிகளில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் கனமழை போன்ற பனிப்பொழிவு கூடலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரி 4 அன்று ஹொக்கைடோவின் ஒபிஹிரோவில் 12 மணி நேரத்தில் 120 செ.மீ. பனி விழுந்தது, ஜப்பானில் இதுவரை இல்லாத அளவு.

அப்படிக் கொட்டும் பனி சறுக்க வந்தவருக்கு வரம். கூரையில் ஏறி அதைத் தள்ள வேண்டிய 75 வயதுத் தாத்தாவுக்கு அது உயிர் ஆபத்து. ஜப்பானில் பனி தொடர்பான மரணங்களில் பெரும்பாலானவை பனியை அகற்றும் வேலையின்போது நடப்பவை, இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஊரில் இளைஞர்கள் இல்லையென்றால் அந்த வேலையைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் ஜப்பான் சுற்றுலா இ-விசா கிடைக்கிறது. பனி பார்க்கப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடுகிறது. சின்ன ஊர்களுக்குப் போவதாக இருந்தால் சில விஷயங்கள் முக்கியம்.

• கயிற்றைத் தாண்டாதீர்கள். நிசெகோவில் 2001 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, திறந்திருக்கும் வாயில் வழியாக மட்டுமே எல்லைக்கு வெளியே போகலாம் என்கிறது. வேறு மையங்களில் வேறு விதி இருக்கலாம். முதலில் கேட்டுவிடுங்கள்.

• மரத்தடியில் கவனம். ஆழமான பவுடரில் மரத்தைச் சுற்றிக் குழி மாதிரி பனி தளர்ந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் மூச்சு முட்டும், தனியாக வெளியே வர முடியாது. துணை இல்லாமல் மரங்களுக்கு நடுவே சறுக்க வேண்டாம்.

• பனிச்சரிவு நிஜம். 2023 ஜனவரியில் நாகானோ மாகாணத்தில் நடந்த பனிச்சரிவில் முன்னாள் உலக சாம்பியனான அமெரிக்க வீரர் கைல் ஸ்மெய்ன் உயிரிழந்தார். எல்லைக்கு வெளியே போவதாக இருந்தால் இருப்பிடம் காட்டும் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

• காப்பீடு எடுங்கள். எல்லைக்கு வெளியே தேடுதலுக்குக் கட்டணம் வசூலிக்கும் மையங்கள் உண்டு. பல சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பனிச்சறுக்கு விபத்து சேராது.

• ஊரிலேயே தங்கி, ஊரிலேயே சாப்பிடுங்கள். மதியக் கறி சோறும் ஓர் இரவு வாடகையும் சின்ன விஷயமாகத் தெரியலாம். அடுத்த ஆண்டு அந்த லிஃப்ட் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொத்தத்தில்...

ஒரே தீவு, ஒரே காற்று, ஒரே பனி. நிசெகோவில் கூட்டம் நிரம்பி உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைக்கவில்லை. யூபாரியில் கூட்டம் வரும் என்று நம்பிக் கடனில் மூழ்கினார்கள். ஹிகாஷிகாவாவில் முதலில் ஊர்க்காரர்களுக்காக ஊரை நடத்தினார்கள், விருந்தாளிகள் பின்னால் வந்தார்கள்.

அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் இன்னும் பல குட்டி மலைகளில் லிஃப்ட் நிற்கக்கூடும். எவை தப்பிக்கும் என்பதை எத்தனை வெளிநாட்டவர் வருகிறார்கள் என்ற கணக்கு மட்டும் சொல்லிவிடாது. பள்ளி முடிந்ததும் ஸ்கீ பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஓடிவர அந்த ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.